வள்ளியின் கடைவாய்ப்பல்

எங்கள் வீட்டில் இதய நோயாளி என்றால் அது நான்தான். இரண்டு வருஷமாக அந்தப் பதவியை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தேன். குழம்பில் உப்பு கூடாது, டீயில் சர்க்கரை கூடாது, டிவியில் சத்தம் கூடாது, எனக்குப் பிடிக்காத பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் இடது நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவேன். பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதே இரண்டு வருஷமும் என் மனைவி வள்ளியின் நெஞ்சில் என்னுடையதைவிடப் பெரிய நோய் வளர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுவதும் முழு உண்மை இல்லை. அவள் சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதை எழுதச் சொன்னது என் மகள் கோமதி. அந்தேரியில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள். "எழுதுங்கப்பா. நம்ம கல்லிச் சந்துல எத்தன அம்மாமார் இருக்காங்க. ஒருத்தியாவது பொழைப்பா" என்றாள். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஆனாலும் உட்கார வைத்துவிட்டாள். எழுத எழுத முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தாராவியில் எனக்குப் பாத்திரக் கடை. கீழே கடை, மேலே வீடு, நடுவில் செங்குத்தான இரும்பு ஏணி. கல்யாணம், சடங்கு, பால்காய்ப்பு என்று எதற்கு எவர்சில்வர் வாங்கினாலும் நம் ஜனங்களுக்கு அதில் பெயர் வெட்டியாக வேண்டும். யார் கொடுத்தது என்பது பாத்திரம் உள்ளவரைக்கும் தெரிய வேண்டும் அல்லவா. முப்பது வருஷமாகப் பேர் வெட்டும் மெஷினைக் கையில் பிடித்தே எனக்கும் அந்தக் கிறுக்கு ஏறிவிட்டது. யார் பெயர் எங்கே இருக்கிறது, யாருக்குக் கீழே இருக்கிறது என்றுதான் எதையும் பார்ப்பேன்.

அதனால்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கல்யாணப் பத்திரிகை என்னைப் பிடித்தது. சீத்தா கேம்பில் இருக்கிற வள்ளியின் தம்பி இசக்கிமுத்து, ஆட்டோ ஓட்டுகிறவன், தன் மகள் மாரி கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துக்கொண்டு வந்தான். பெண்ணுக்கு நான் மாமா. என் பெயர் மூன்றாவது வரியில் இருந்தது. அதற்கு மேலே ஆட்டோ சங்கத் தலைவர் தங்கராஜ் என்று யாரோ ஒருவர். பத்திரிகையைக் கடை வாசலில் விட்டெறிந்தேன். "இனிமே ஒன் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாங்க இல்ல. ஒங்க அக்காளும் வரமாட்டா" என்றேன். அடுத்த கடைக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

வள்ளி ஏணியின் பாதியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, சாயங்காலம் சிரித்த முகமாக வருகிறவள். பம்பாயில் அவளுக்கென்று இருந்த ஒரே பிறந்த வீடு அது. கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. ஒருநாள்கூட என்னிடம் கேட்கவுமில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

நாலு வருஷம் கழித்து எனக்கு மாரடைப்பு வந்தது. குடம் நசுங்கியிருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்த ஒரு ஆளிடம் கத்திக்கொண்டிருக்கும்போதே வந்தது. நெஞ்சின் மேல் அரிசி மூட்டையை இறக்கியதுபோல் ஒரு பாரம், இடது கை முழுக்க வலி, வேர்வை. பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது என்னவென்று தெரிந்தது. உடனே டாக்சியில் போட்டுச் செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அடைத்திருந்த ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்டென்ட் என்பது பேனா ஸ்பிரிங் மாதிரி ஒரு சின்னக் கம்பிவலைக் குழல். அடைப்பை விரித்து, திரும்ப மூடாமல் தாங்கிப் பிடிக்கும்.

மூன்றாம் நாள் இசக்கி பார்க்க வந்தான். கையில் இளநீர். "அத்தான், எப்படி இருக்கிய?" என்று கட்டில் பக்கம் வந்தான். நான் இடது நெஞ்சில் கையை வைத்துக் கண்ணை மூடினேன். வலி ஒன்றும் இல்லை. சிஸ்டர் ஓடிவந்து, பேஷன்டுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அவனை வெளியே அனுப்பினாள். இளநீர் ஸ்டூலில் இருந்தது. வள்ளி அதையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் போர்வையைச் சரிசெய்தாள். இந்தக் கைக்கு இவ்வளவு பவர் இருக்கிறதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபின் அதை நன்றாகவே பயன்படுத்தினேன். கோமதி வேலைக்குப் போகிற பேச்சா, கை நெஞ்சுக்குப் போகும். கடனுக்குப் பாத்திரம் கேட்டு யாராவது வந்தாலும் போகும். மத்தியானங்களில் வள்ளியிடம் பேச வருகிற பெண்கள் இரண்டு பேர், அண்ணாச்சிக்குச் சத்தம் ஆகாது என்று அவர்களாகவே நின்றுவிட்டார்கள். அவளுக்கு வேலை மட்டும் மிஞ்சியது. காலையில் கீழே குழாயில் தண்ணீர் பிடித்துக் குடம் குடமாக ஏணியில் ஏற்றுவாள். எனக்குத் தனிச் சமையல், எனக்கு மாத்திரை, எனக்கு எண்ணெய் இல்லாத பலகாரம்.

இந்த வருஷம் தை மாதத்தில் ஒருநாள் கேட்டாள்.

"என்னங்க, ஏணி ஏறயில இந்தத் தாடை வலிக்கி. உக்காந்தா போயிருது. என்னன்னு தெரியல."

"பல்லாத்தான் இருக்கும். வெத்தல போடாதன்னா கேக்கியா?"

"கொஞ்ச நாளா அசதியாவும் இருக்கு."

"எனக்கு இல்லாத அசதியா ஒனக்கு?" என்றேன். அப்படியேதான் சொன்னேன். இப்போது எழுதும்போதும் அந்த வார்த்தையை மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா என்று பேனா தயங்குகிறது. மாற்றவில்லை.

பங்குனியில் அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பல்லில் கோளாறு ஒன்றும் இல்லை, வேறு டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு டாக்டர், வேறு பீஸ், வேறு டெஸ்ட், இவர்கள் எல்லாம் ஒரு கூட்டு என்று அங்கேயே சத்தம் போட்டேன். அப்படியே வள்ளியை இழுத்துக்கொண்டு அடுத்த கல்லியில் இருந்த இன்னொரு பல் டாக்டரிடம் போனேன். "கீழ்க் கடைவாய்ப்பல். பிடுங்கிப் போட்டுருங்க. நான் சொல்லுதேன்லா" என்றேன். நான் போட்ட சத்தத்தில் அவர் பிடுங்கிவிட்டார். வள்ளி வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வீடுவரை நடந்து வந்தாள். நல்ல பல். வேரோடு வெள்ளையாக இருந்தது. வலி போயிற்றா என்று கேட்டேன், போயிற்று என்றாள். மறுநாள் குடத்தோடு ஏணியில் பாதிக்கு வந்து நின்றுகொண்டிருந்தாள். எதற்கு நிற்கிறாய் என்று கேட்டேனே தவிர இறங்கிப் போய்க் குடத்தை வாங்கவில்லை.

ஆடி மாதம், நல்ல மழை. காலை ஏழு மணி இருக்கும். வள்ளி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் பிடித்து இழுக்கிறது என்றாள். மழைக்குளிரிலும் அவள் ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது.

"கேஸு. சோடா வாங்கித் தாரேன், குடி. சரியாப் போயிரும்."

அவள் தலையை ஆட்டிவிட்டு எனக்குக் கஞ்சி வைத்தாள். ஆறு மாத்திரையையும் பிரித்து என் உள்ளங்கையில் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் விழுங்கி முடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அப்படியே சரிந்தாள்.

கோமதி ஆபீஸ் பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்தாள். "அப்பா, இது கேஸ் இல்ல. அம்மா மூஞ்சியப் பாருங்க!" என்று கத்தினாள். அவளும் பக்கத்துக் கடைப் பையன்களும்தான் அந்த ஏணியில் வள்ளியைத் தூக்கி இறக்கினார்கள். ஸ்டென்ட் வைத்த நான் தூக்கக்கூடாதாம். குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

அதே செம்பூர் ஆஸ்பத்திரி. ஈசிஜி எடுத்தார்கள். ரத்தத்தில் ட்ரோப்போனின் பார்த்தார்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்துக்குள் கசிந்து வருகிற ஒரு பொருள் அது. கூடுதலாக இருந்தால் மாரடைப்பு என்று அர்த்தம். வள்ளிக்குக் கூடுதலாக இருந்தது. சர்க்கரையும் இருந்தது, பிரஷரும் இருந்தது. இரண்டையும் இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. மாதாமாதம் என்னைச் செக்கப்புக்குக் கூட்டிவந்தவள் அவள்தான். அதே பெஞ்சில் என் பைலை மடியில் வைத்துக்கொண்டு எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறாள். உனக்கும் ஒரு தடவை பார்த்துக்கொள் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, மை செலுத்திப் படம் எடுத்தார்கள். அதுதான் ஆஞ்சியோகிராம். மூன்று குழாயிலும் அடைப்பு. எனக்கு வைத்ததுபோல் ஸ்டென்ட் வைத்துத் தப்பிக்க முடியாது, பைபாஸ்தான் என்றார் டாக்டர். அவர் ஒரு மராத்திக்கார அம்மா, என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். காலிலிருந்து ஒரு ரத்தக் குழாயை எடுத்து அடைப்பைத் தாண்டி ஒட்டுவார்கள், ரத்தம் அந்தச் சுற்றுப் பாதையில் போகும் என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அப்புறம், சித்தப்பா என்கிற முறையில் என்னைக் காகா என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"எவ்வளவு நாளாக அறிகுறி இருந்தது, காகா?"

"தாடை வலி இருந்தது. பல்லைப் பிடுங்கிவிட்டோம்" என்று இந்தியில் சொன்னேன். "நான் பிடுங்க வைத்தேன்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பெண்களுக்குப் பல சமயம் இப்படித்தான் வரும் என்றார். ஆண்களைப்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும் என்பதில்லை. தாடை, முதுகு, வாந்தி, மூச்சு வாங்குவது, காரணம் தெரியாத அசதி, இவற்றோடும் வரலாம். அவர்களும் சொல்வதில்லை, சொன்னாலும் வீட்டில் கேஸ் என்று சொல்லிவிடுகிறார்கள் என்றார். நான் தரையில் இருந்த சதுரக் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்கு முன் ரத்தம் வேண்டும் என்றார்கள். செலவாகும் ரத்தத்துக்கு ஈடாக எட்டுப் பேர் வந்து கொடுக்க வேண்டும். நான் கொடுக்க முடியாது, ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன். கோமதி எடை போதாதென்று திருப்பி அனுப்பப்பட்டாள். அவள் ஆபீஸில் எல்லோரும் வேலை நேரத்தில் இருந்தார்கள். நான் வராந்தாவில் நின்று போனை எடுத்தேன். முப்பது வருஷம் தாராவியில் கடை வைத்திருக்கிறவனுக்கு எட்டு ஆள் கிடைக்காதா என்ன?

முதல் பெயர் பக்கத்துக் கடைக்காரர். போர்டை என் பக்கம் அரையடி நீட்டினார் என்று போலீஸ்வரை போயிருந்தேன். அடுத்தது கோவில் கமிட்டிக் காரியதரிசி. கூட்டத்தில் அவரைத் திருடன் என்று சொல்லியிருந்தேன். என் சொந்தத் தம்பி டோம்பிவிலியில் இருக்கிறான். அவனோடு பேச்சுவார்த்தை நின்றது எதனால் என்பதே மறந்துவிட்டது. விரல் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சண்டை. மூன்று பேரை அழைத்தேன். ஒருவர் ஊரில் இல்லை, ஒருவருக்கு ஜுரம், ஒருவர் எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கோமதி என் எதிரே வந்து நின்றாள். "அப்பா, மாமாவக் கூப்பிடுங்க."

"நம்பர் இல்ல" என்றேன். உண்மைதான், அழித்திருந்தேன்.

ஐசியுவுக்குள் வள்ளியைப் பார்க்க விட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் ஊசி. ஆபரேஷனுக்கு முன்னால் யாரையாவது பார்க்க வேண்டுமா என்று சிஸ்டர் அவளைக் கேட்டாள். வள்ளி என் முகத்தைப் பார்த்தாள். "யாரும் வேண்டாம்" என்றாள். உயிர் போகிற நேரத்திலும் நான் ஆறு வருஷத்துக்கு முன் கடை வாசலில் போட்ட சட்டத்தை அவள் மீறவில்லை. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"ஏளா வள்ளி, இசக்கி நம்பர் தெரியுமா?"

பத்து எண்ணையும் ஒரே மூச்சில் சொன்னாள். என் நம்பரைக் கேட்டால் போனைத் தேடுகிறவள். ஒருநாள்கூட அழைக்காத நம்பரை ஆறு வருஷமாக மனசுக்குள்ளேயே சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறாள். அப்போது அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கக் கை எடுத்தேன். எனக்கு முன்னால் சிஸ்டர் துடைத்துவிட்டாள்.

வெளியே வந்து அழைத்தேன்.

"யாரு?"

"நான்தாம்டே. அத்தான்."

அந்தப் பக்கம் ஆட்டோ இன்ஜின் அணைகிற சத்தம் கேட்டது. "அக்காவுக்கு என்ன?" என்றான். எனக்கு என்ன என்று அவன் கேட்கவில்லை. நான் அழைத்தால் வேறு எதற்கும் இருக்காதென்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

சொன்னேன். ரத்தம் வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"எந்த ஆஸ்பத்திரி? எத்தன பேரு?" அவ்வளவுதான் கேட்டான்.

முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக ஆட்டோக்கள் வந்து நின்றன. காக்கிச் சட்டையோடு பதினோரு பேர் இறங்கினார்கள். தமிழாள், மராத்தியாள், உத்தரப்பிரதேசத்து ஆள் எல்லாம் இருந்தார்கள். மழையில் நனைந்தபடி ரத்த வங்கி எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார்கள். இசக்கி என்னைத் தாண்டி நேரே ஐசியு கண்ணாடிக்கு ஓடினான். நெற்றியை அதில் முட்டிக்கொண்டு, "யக்கா... யக்கா" என்றான். அடைத்த கதவுக்குள் அவளுக்கு அது கேட்டிருக்காது. ஆனாலும் தலையைத் திருப்பினாள்.

வரிசையில் முதலில் கை நீட்டிப் படுத்தவர் நரைத்த மீசைக்காரர். எழுந்து, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு என்னிடம் வந்தார். "பயப்படாதீங்க அண்ணாச்சி. நல்லபடியா வந்துருவாங்க. நான் தங்கராஜ்."

பத்திரிகையில் என் பெயருக்கு மேலே இருந்தவர். ஆறு வருஷம் நான் கரித்துக்கொட்டிய மனிதர். பார்த்ததே அன்றுதான் முதல் தடவை. எழுந்து நின்று கும்பிட்டேன். என் கடையில் நின்று உங்கள் பெயரைச் சொல்லி எத்தனை நாள் கத்தியிருக்கிறேன் தெரியுமா என்று கேட்கத் தோன்றியது. அதற்குத் தைரியம் இல்லை.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. காத்திருக்கும் ஹாலில் இசக்கி ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். அவன் மனைவி எல்லோருக்கும் டீ வாங்கிவந்தாள். எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல். அவளிடம் அதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. என் நோய்க்கு என்னென்ன ஆகாதென்பதை நான் ஒதுக்கிவைத்த வீடும் தெரிந்துவைத்திருந்தது.

வள்ளி பிழைத்தாள். இரண்டு நாள் வாயில் செயற்கைச் சுவாசக் குழாயோடு கிடந்தாள், அப்புறம் எடுத்தார்கள். நெஞ்சில் நீளமாகத் தையல், காலில் தையல். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள்.

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் முடித்து வந்தபோது ஒன்று கேட்டேன். என் மனதைக் குடைந்துகொண்டிருந்த விஷயம்.

"நான்தான் கோபக்காரன், டாக்டர். எனக்கு வந்தது சரி. இவள் கோபப்பட்டே நான் பார்த்ததில்லை. இவளுக்கு எப்படி வந்தது?"

"சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. முதல் காரணம் அதுதான், அதை மறக்க வேண்டாம்" என்றார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கத்துகிற கோபத்தில் பிரஷர் ஏறும், குழாய் இறுகும், அது உங்களுக்கே தெரியும் என்றார். விழுங்குகிற கோபத்திலும் உடம்பு அமைதியாக இருப்பதில்லை, வெளியே தெரியாதே தவிர உள்ளே அதே ஓட்டம்தான் ஓடும் என்றார். மனிதர்களோடு பழக்கமில்லாமல் தனித்துப் போவதும் இதயத்துக்குக் கெடுதல், தனித்துப் போனவர்கள் மருந்தையும் சரியாகச் சாப்பிடுவதில்லை, வலியையும் யாரிடமும் சொல்வதில்லை என்றார். "ஆணுக்கு அட்டாக் வந்தால் பார்த்துக்கொள்ள மனைவி இருக்கிறாள். பெண்ணுக்கு வந்தால் பத்தாம் நாள் அவளே அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நான் தினமும் பார்க்கிறேன்" என்றார்.

பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். "உங்கள் மனைவி ஒரு நாளில் எத்தனை பேரோடு பேசுவார்?"

நான் யோசித்தேன். காலையில் கோமதியோடு இரண்டு வார்த்தை. என்னோடு என்றால், கஞ்சி வேண்டுமா, மாத்திரை போட்டாச்சா. தண்ணீர் வரிசையில் ஏதாவது பேசுவாளோ என்னவோ. டாக்டர் பதிலுக்குக் காத்திருந்தார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவன் விரல்விட்டு எண்ணினேன், இரண்டாவது விரலோடு நின்றுவிட்டது. வெட்கத்தில் காது சுட்டது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

டிஸ்சார்ஜ் அன்று நான் வீட்டைக் கழுவி வைத்திருந்தேன். ஏணி ஏற முடியாதே என்று கடைக்குள்ளேயே கட்டில் போட்டிருந்தேன். அதைப் பெருமையாகச் சொன்னேன். வள்ளி கேட்டுவிட்டு, "நான் தம்பி வீட்டுக்குப் போறேன்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை, சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்குச் சொன்ன முதல் முடிவு அது.

"எத்தன நாளைக்கு?"

"தெரியல."

என் கை நெஞ்சு வரைக்கும் போய்விட்டது. கோமதி பார்த்தாள். நான் சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தேன். பில்லைக் கட்டிவிட்டு, ஆட்டோவில் அவள் பையை ஏற்றினேன். இசக்கி குண்டு குழி பார்த்து மெல்ல ஓட்டிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து பரணில் ஏறினேன். இசக்கி மகள் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பெரிய அண்டா அங்கே பேப்பர் சுற்றிக் கிடந்தது. பிரித்துப் பார்த்தேன். மணமக்கள் பெயரை விரல் நீளத்துக்கு வெட்டியிருந்தேன். அன்பளிப்பு என்று போட்டு என் பெயரைச் சாண் நீளத்துக்கு வெட்டியிருந்தேன். வள்ளியின் பெயர் அதில் இல்லவே இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் அதை வெட்டி முடித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறதென்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டது நினைவிருக்கிறது. அதைத் திரும்பச் சுற்றி வைத்துவிட்டேன். யாருக்கும் கொடுக்கிற தகுதி அதற்கு இல்லை.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கடையை அடைத்துவிட்டுச் சயானில் டிராம்பே பஸ் பிடித்துச் சீத்தா கேம்புக்குப் போகிறேன். முதல் நாள் இசக்கி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகக் கால் வரவில்லை. "உள்ள வாங்க அத்தான்" என்று அவன் மனைவிதான் கூப்பிட்டாள். பாயில் உட்கார்ந்தேன். வள்ளி அக்கம்பக்கத்துப் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தாள். யாரோ எதையோ சொல்ல, தையல் வலிக்கத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போது கீழ்வரிசையில் அந்தப் பொக்கை தெரிந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பதினைந்து நாள் அப்படிப் போய் வந்தேன். எப்படி இருக்கிறாய் என்பேன், இருக்கேன் என்பாள். சர்க்கரை எவ்வளவு என்பேன், சொல்வாள். அதற்குமேல் எனக்குப் பேசத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் வீட்டில் வேறு யாரும் இல்லை. வள்ளி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததும் நேரே பார்த்தாள்.

"மாரி கல்யாணத்தன்னைக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா?"

"என்ன?"

"பட்டுச் சேலய உடுத்திக்கிட்டு ஏணி மேல உக்காந்திருந்தேன். நீங்க கீழ யாவாரம் பாத்திய. ஒரு தடவ மேல பாப்பியளான்னு இருந்தேன். முகூர்த்தம் முடியுத நேரம்வரைக்கும் இருந்தேன். அப்புறம் அவுத்து மடிச்சு வச்சிட்டு ஒங்களுக்குச் சோறு பொங்குனேன்."

அவள் குரல் ஏறியது. முப்பது வருஷத்தில் நான் கேட்டிராத சத்தம். "எந்தம்பி இளநியோட வந்து நின்னானே, ஒங்களுக்கு அன்னைக்கு வலிச்சுதா? நெசமாச் சொல்லுங்க. வலிச்சுதா?"

என் கை எழுந்துவிட்டது. நானாக எழுப்பவில்லை, பழகிப்போன கை. அது இடது நெஞ்சில் போய் உட்கார்ந்ததும்தான் எனக்கே தெரிந்தது. வள்ளி பேச்சை நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக அந்தக் கையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு மாத்திரை டப்பாவைத் தேடியவள்.

கையை எடுத்தேன். மடியில் வைத்து, இன்னொரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்கல வள்ளி" என்றேன். "அன்னைக்கும் வலிக்கல, இப்பவும் வலிக்கல. நீ சொல்லு."

அவள் கொஞ்ச நேரம் என் மடியைப் பார்த்தாள். கை அங்கேயே இருக்கிறதா என்று பார்த்திருப்பாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். பத்திரிகையிலிருந்து தொடங்கி, பல்லுக்கு வந்து, அதற்கும் முன்னால் நான் மறந்தே போயிருந்த வருஷங்களுக்கெல்லாம் போனாள். நான் உட்கார்ந்து கேட்டேன். அன்று சாயங்காலம் கடை திறக்கவில்லை.